ஒரு சோதனை மாற்றிய அமைப்பு அடுத்த சோதனைக்குள் கசியாமல் இருக்க

தானியங்கிச் சோதனைகளை எழுதத் தொடங்கும் நிரலாளர்கள் விரைவிலேயே சந்திக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சோதனையைத் தனியாக இயக்கினால் வெற்றி பெறுகிறது. முழுத் தொகுப்போடு சேர்த்து இயக்கினால் தோற்கிறது. தோற்ற சோதனையை வரிவரியாகப் படித்துப் பார்த்தாலும் அதில் தவறு எதுவும் தென்படுவதில்லை. உண்மையில் தவறு அங்கே இல்லை. அதற்கு முன்னால் இயங்கிய வேறொரு சோதனை, நிரல் முழுவதற்கும் பொதுவான ஏதோ ஓர் அமைப்பை மாற்றிவிட்டு, பழைய நிலைக்குத் திருப்பாமலேயே முடிந்திருக்கிறது. இந்தக் கசிவு எப்படி நேர்கிறது, அதை எப்படித் தடுப்பது, ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கும் தொகுப்பில் அதன் ஊற்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகளுக்குப் பைத்தான் மொழியையும் பைடெஸ்ட் கருவியையும் எடுத்துக்கொள்கிறேன். அடிப்படைக் கருத்து எல்லா மொழிகளுக்கும் பொருந்தும் என்பதால், தேவைப்படும் இடங்களில் ஜாவா, கோ போன்ற மொழிகளின் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒரு சிறிய எடுத்துக்காட்டு

பைத்தானில் பணக் கணக்குகளுக்கு டெசிமல் என்ற மாட்யூலை, அதாவது இறக்குமதி செய்து பயன்படுத்தும் நிரல் பகுதியை, பயன்படுத்துவது வழக்கம். கூட்டல், வகுத்தல் முதலிய கணக்குகளின் விடையை எத்தனை இலக்கங்கள் வரை வைத்துக்கொள்வது என்பதை அந்த மாட்யூலின் பொதுச் சூழல் ஒன்று தீர்மானிக்கிறது. இயல்பாக அது 28 இலக்கங்கள். எனவே ஒன்றை ஏழால் வகுத்தால் புள்ளிக்குப் பின் 28 இலக்கங்கள் கிடைக்கும். ஒரு நிரலாளர், விகிதங்களைச் சுருக்கிக் காட்டும் செயற்கூறு ஒன்றைச் சோதிக்க விரும்பி, தமது சோதனையின் முதல் வரியில் அந்தத் துல்லியத்தை 4 என்று மாற்றுகிறார். ஒன்றை ஏழால் வகுத்தால் 0.1429 வர வேண்டும் என்று சரிபார்க்கிறார். அப்படியே வருகிறது, சோதனை வெற்றி பெறுகிறது, அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

அதே தொகுப்பில், வேறொரு கோப்பில், விலைப்பட்டியலின் மொத்தத்தைச் சரிபார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. 10250.50 ரூபாயையும் 845.25 ரூபாயையும் கூட்டினால் 11095.75 ரூபாய் வர வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. முதல் சோதனைக்குப் பிறகு இது இயங்கினால், கூட்டலின் விடை நான்கு இலக்கங்களுக்குச் சுருக்கப்பட்டு 11,100 ஆகிவிடும். சோதனை தோற்கும். விலைப்பட்டியல் நிரலில் யாரும் கை வைக்கவில்லை; அதன் சோதனையையும் யாரும் மாற்றவில்லை. ஆயினும் அறிக்கையில் சிவப்பு நிறத்தில் நிற்பது அதுதான்.

முந்தையவர் தராசுத் தட்டில் வைத்த எடைக்கல்லை எடுக்காமல் போய்விட்டால், அடுத்து நிறுப்பவரின் சரக்கு எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் எடை தவறாகத்தான் காட்டும். சரக்கை எத்தனை முறை சோதித்தாலும் குறை தெரியாது, ஏனென்றால் பார்க்க வேண்டிய இடம் தட்டு.

மேற்கண்ட சிக்கலில் மிகவும் தொல்லை தருவது, தவறு செய்த சோதனை பச்சையாகவும் தவறு செய்யாத சோதனை சிவப்பாகவும் தெரிவதே. இதை ஆராய்ந்தவர்கள் முன்னதை மாசுபடுத்தும் சோதனை என்றும் பின்னதைப் பாதிக்கப்பட்ட சோதனை என்றும் பிரித்துப் பேசுகிறார்கள். இன்னொரு வகையும் உண்டு: முந்தைய சோதனை விட்டுச் சென்ற அமைப்பு இருப்பதால் மட்டுமே வெற்றி பெறும் சோதனை. இது தனியாக இயங்கினால் தோற்கும், தொகுப்போடு இயங்கினால் வெற்றி பெறும். எனது மதிப்பீட்டில் இந்த மூன்றாவது வகைதான் அதிக ஆபத்தானது; தொகுப்பு முழுவதும் பச்சையாக இருக்கும்வரை அது எவர் கண்ணிலும் படாது. என்றோ ஒருநாள், தேவையற்றது என்று கருதி யாரோ முந்தைய சோதனையை நீக்கும்போதுதான் அது வெளிவரும்.

கசிவு ஏன் நேர்கிறது

சோதனைக் கருவிகள் வழக்கமாக எல்லாச் சோதனைகளையும் ஒரே பிராசஸுக்குள், அதாவது தனக்கென நினைவகம் கொண்டு இயங்கும் ஒரே நிரலுக்குள், ஒன்றன்பின் ஒன்றாக இயக்குகின்றன. ஒவ்வொரு சோதனைக்கும் புதிய பிராசஸைத் தொடங்கி, நூலகங்களை எல்லாம் மீண்டும் ஏற்றினால், சில நொடிகளில் முடியும் தொகுப்பு பல நிமிடங்களுக்கு நீளும். வேகத்துக்காக எடுத்த இந்த முடிவு நியாயமானதே. ஆனால் ஒரே பிராசஸ் என்றால் ஒரே நினைவகம். பைத்தானில் ஒரு மாட்யூலின் உட்பகுதி முதல் இறக்குமதியின்போது மட்டுமே இயங்குகிறது. பிறகு எத்தனை கோப்புகள் அதை இறக்குமதி செய்தாலும், நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் அதே ஆப்ஜெக்ட்தான் எல்லோருக்கும் தரப்படுகிறது. ஆகவே மாட்யூல் மட்டத்தில் வைக்கப்பட்ட ஒவ்வொரு மதிப்பும், அதைத் தொடும் எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவானது.

பொது அமைப்பு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது அமைப்புகளுக்கென்றே எழுதிய ஒரு கோப்பு. நடைமுறையில் கசியக்கூடியவை அதைவிட மிகுதி. சூழல் மாறிகள், நடப்புக் கோப்புறை, மொழி மற்றும் வட்டார அமைப்பு, நேர வலயம், சமவாய்ப்பு எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் விதை எண், பதிவேட்டுச் செய்திகளின் மட்டம், மேட்பிளாட்லிப் நூலகத்தின் வரைபட அமைப்புகள் ஆகியவை எல்லாம் இந்த வகையே. கிளாஸின் மேல் நேரடியாக வைத்த பட்டியல்களும், ஒருமுறை கணக்கிட்ட விடையை நினைவில் வைத்துக்கொள்ளும் கேஷ்களும், நிரல் முழுவதற்கும் ஒன்றே ஒன்று என்று உருவாக்கிய ஆப்ஜெக்ட்களும் அமைப்புகள் போலத் தோன்றாவிட்டாலும் அதே விதமாகவே நடந்துகொள்ளும்.

இவற்றில் இரண்டைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும், ஏனெனில் இரண்டிலும் பிழைச் செய்தி மூல காரணத்திலிருந்து வெகு தொலைவில் எழுகிறது. முதலாவது நடப்புக் கோப்புறை. ஒரு சோதனை தற்காலிகக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதற்குள் சென்று, வேலை முடிந்ததும் அந்தக் கோப்புறையை அழித்துவிடுகிறது. ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. லினக்ஸில் இப்போது அந்தப் பிராசஸ் இல்லாத ஒரு கோப்புறைக்குள் நிற்கிறது. பின்னால் வரும் ஏதோ ஒரு சோதனை, நடப்புக் கோப்புறையின் பெயரைக் கேட்ட கணத்தில், கோப்பு இல்லை என்ற பிழையோடு விழும். அந்தச் சோதனை எந்தக் கோப்பையும் அழித்திருக்காது.

இரண்டாவது, ஜாவாவின் வட்டார அமைப்பு. துருக்கிய மொழியில் புள்ளி உள்ள ஐ (i), புள்ளி இல்லாத ஐ (ı) என இரண்டு தனித்தனி எழுத்துகள் உள்ளன. ஒரு சோதனை இயல்பு வட்டாரத்தைத் துருக்கிக்கு மாற்றிவிட்டு அப்படியே விட்டால், அதன்பின் பெரிய எழுத்துகளில் உள்ள சொல்லைச் சிற்றெழுத்துக்கு மாற்றும் சாதாரணக் கட்டளை, ஐ (I) என்ற எழுத்தைப் புள்ளி இல்லாத துருக்கிய எழுத்தாக மாற்றும். கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் இரண்டு சொற்களையும் ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். துருக்கியோடு எந்தத் தொடர்பும் இல்லாத சோதனைகள் வரிசையாகத் தோற்கத் தொடங்கும்.

வரிசை எதை மறைக்கிறது

கசிவு இருந்தும் அது ஆண்டுக்கணக்கில் தெரியாமல் போவதற்குக் காரணம், சோதனைகள் எப்போதும் ஒரே வரிசையில் இயங்குவதே. பைடெஸ்ட், ஒரு கோப்பில் சோதனைகள் எழுதப்பட்ட வரிசையிலேயே அவற்றை இயக்குகிறது. பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்ட், சோதனைகளின் பெயர்களை அகரவரிசைப்படி அடுக்குகிறது. பாதிக்கப்படக்கூடிய சோதனை முதலிலும் மாசுபடுத்தும் சோதனை பிறகும் வந்தால், எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். யாரோ ஒருவர் ஒரு சோதனையின் பெயரை மாற்றினால் போதும், வரிசை மாறி, தொடர்பே இல்லாத ஓரிடத்தில் தோல்வி வெடிக்கும்.

ஜாவா உலகில் இது பரவலாக வெளிப்பட்ட ஒரு காலம் உண்டு. 2011-இல் வந்த ஜாவா 7, ஒரு கிளாஸின் மெத்தடுகளைக் கேட்டால் அவற்றை எந்த வரிசையில் தரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி மாறியது. அந்த வரிசையையே நம்பியிருந்த, ஜேயூனிட் என்ற ஜாவாச் சோதனைக் கருவியில் எழுதிய சோதனைகள், நிரலில் எந்த மாற்றமும் இல்லாமலேயே சில சமயம் வென்றன, சில சமயம் தோற்றன. 2012-இல் வெளியான ஜேயூனிட் 4.11, ஒவ்வொரு முறையும் மாறாத ஒரு வரிசையைக் கொண்டுவந்து குழப்பத்தைத் தணித்தது. அது தோல்வியை நிலையாக்கியது, கசிவை அடைக்கவில்லை. நிலையற்ற சோதனைகளைப் பற்றி 2014-இல் வெளிவந்த நன்கு அறியப்பட்ட ஆய்வு ஒன்று, 51 திறமூலத் திட்டங்களை ஆராய்ந்து, ஒத்திசையா வேலைகளுக்குச் சரியாகக் காத்திராமை, ஒரே நேர இயக்கச் சிக்கல்கள் ஆகியவற்றுக்கு அடுத்த முக்கியக் காரணமாகச் சோதனை வரிசையைச் சார்ந்திருத்தலை வைத்தது. ஆக, இது தொடக்கநிலையினர் மட்டும் செய்யும் பிழை என்று எண்ண வேண்டியதில்லை.

மாற்றியவரே திருப்பி வைத்தல்

தீர்வின் அடிப்படை விதி, பொது அமைப்பை மாற்றும் சோதனையே அதைப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும் என்பதுதான். விதி எளியது, நிறைவேற்றுவதில்தான் நுணுக்கம் இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் சோதனையின் கடைசி வரியில் பழைய மதிப்பைத் திரும்ப எழுதுவார்கள். சோதனை வெற்றி பெறும்போது இது வேலை செய்யும். இடையில் ஒரு சரிபார்ப்பு தோற்றால், நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும். கடைசி வரிக்கு வராது. அப்போது ஒரு உண்மையான தோல்வி, அதன் பின்னால் பல பொய்த் தோல்விகளை இழுத்துவரும். அறிக்கையில் நாற்பது சிவப்பு வரிகளைப் பார்ப்பவர் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திகைப்பார்.

ஆகவே, திருப்பி வைக்கும் செயல், சோதனை எப்படி முடிந்தாலும் நடந்தே தீரும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். யூனிட்டெஸ்டில் இதற்கென ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் இயங்கும் செட்அப், பின்னால் இயங்கும் டியர்டவுன் என்ற இரண்டு மெத்தடுகள் உள்ளன. இவற்றில் ஒரு பொறி இருக்கிறது: செட்அப் பாதியில் பிழையோடு நின்றால், டியர்டவுன் அழைக்கப்படாது. செட்அப் மூன்று அமைப்புகளை மாற்றி, நான்காவதில் விழுந்தால், மாறிய மூன்றும் மாறியபடியே கிடக்கும். இதற்காகவே ஆட்கிளீனப் என்ற வசதி தரப்பட்டிருக்கிறது. ஓர் அமைப்பை மாற்றிய உடனேயே, அதைத் திருப்பும் செயலை இதன் மூலம் பதிவு செய்துவிடலாம். பதிவு செய்தவை, செட்அப் தோற்றாலும், பதிந்த வரிசைக்கு நேர் எதிரான வரிசையில் இயக்கப்படும். மாற்றுவதும் திருப்புவதும் அடுத்தடுத்த வரிகளில் நிற்பதால், படிப்பவருக்கும் ஒன்று விடுபட்டதா என்பது உடனே தெரியும்.

பைடெஸ்டில் இதே வேலையை ஃபிக்ஸ்சர் செய்கிறது. ஃபிக்ஸ்சர் என்பது, சோதனைக்குத் தேவையான ஒன்றை ஏற்பாடு செய்து தரும் செயற்கூறு. அது ஈல்ட் என்ற கட்டளை வரை இயங்கி, சோதனையிடம் கட்டுப்பாட்டை ஒப்படைத்து, சோதனை முடிந்த பின் மீதியை இயக்குகிறது. ஈல்டுக்கு மேலே பழைய மதிப்பைக் குறித்துக்கொண்டு புதியதை வைக்கலாம். கீழே பழையதைத் திரும்ப வைக்கலாம். சோதனை தோற்றாலும் கீழ்ப்பகுதி இயங்கும்.

பெரும்பாலான தேவைகளுக்கு இதைக்கூட நாமே எழுத வேண்டியதில்லை. பைடெஸ்டோடு வரும் மங்கிபேட்ச் என்ற ஃபிக்ஸ்சர், ஆப்ஜெக்டின் பண்புகள், அகராதி உறுப்புகள், சூழல் மாறிகள், நடப்புக் கோப்புறை ஆகியவற்றை மாற்றித் தந்து, சோதனை முடிந்ததும் தானே திருப்பி வைக்கிறது. பல நூலகங்களும் தங்கள் அமைப்புகளுக்கு இத்தகைய தற்காலிக வாயிலைத் தருகின்றன. மேலே கண்ட டெசிமல் எடுத்துக்காட்டில், லோக்கல்கான்டெக்ஸ்ட் என்பதை வித் கட்டளையோடு பயன்படுத்தினால், துல்லியம் அந்தத் தொகுதிக்குள் மட்டும் 4 ஆக இருக்கும். வெளியே வந்ததும் 28-க்குத் திரும்பும். மேட்பிளாட்லிப்பில் ஆர்சிகான்டெக்ஸ்ட், எண் கணக்குகளுக்கான நம்பையில் எர்ஸ்டேட், வலைச் செயலிகளுக்கான ஜாங்கோவில் ஓவர்ரைடுசெட்டிங்ஸ் ஆகியவை இதே வகை. நடப்புக் கோப்புறைக்கு பைத்தான் 3.11 முதல் மொழியின் சொந்த நூலகத்திலேயே ஒரு வாயில் இருக்கிறது. ஒரு நூலகம் இத்தகைய வாயிலைத் தந்திருந்தால், மதிப்பை நேரடியாக மாற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

திருப்பியும் திரும்பாதவை

இவ்வளவையும் செய்த பிறகும் கசிவு நிற்காத நேரங்கள் உண்டு. அவற்றைப் புரிந்துகொண்டால்தான் இந்தக் கருத்து முழுமையாகப் பிடிபடும்.

முதலாவது, இல்லாமைக்கும் வெறுமைக்கும் உள்ள வேறுபாடு. ஒரு சூழல் மாறி முன்பு இல்லவே இல்லை. சோதனை அதை உருவாக்கியது. முடிவில் அதற்கு வெற்றுச் சரத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. மாறி இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் நிரலுக்கு, இப்போது விடை ஆம். முன்பு இல்லாததை நீக்கிவிடுவதே திருப்பி வைத்தல் ஆகும். மங்கிபேட்ச் இந்த வேறுபாட்டைச் சரியாகக் கவனித்துக்கொள்கிறது. கையால் எழுதும் திருப்பங்கள் பெரும்பாலும் இதில்தான் சறுக்குகின்றன.

இரண்டாவது, நகல் எடுக்காமல் பெயரை மட்டும் சேமித்தல். அமைப்புகள் ஓர் அகராதியில் இருக்கின்றன என்று கொள்வோம். பழையது என்ற மாறியில் அந்த அகராதியை வைத்துக்கொண்டு, பிறகு அகராதியின் உறுப்பு ஒன்றை மாற்றினால், பழையது என்ற பெயரும் அதே ஆப்ஜெக்டைத்தான் சுட்டுகிறது. கடைசியில் பழையதைத் திரும்ப வைத்தாலும், வைப்பது மாறிய அகராதியைத்தான். நகல் எடுத்துச் சேமிக்க வேண்டும். அகராதிக்குள் பட்டியல்களும் வேறு அகராதிகளும் இருந்தால் மேலோட்டமான நகல் போதாது. உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து ஆழமான நகல் எடுக்க வேண்டும். பைத்தானின் மாக் நூலகத்தில், அகராதியைத் தற்காலிகமாக மாற்றித் திருப்பும் பேட்ச்.டிக்ட் மேலோட்டமான நகலையே எடுக்கிறது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். உள்ளிருக்கும் பட்டியலில் ஒன்றைச் சேர்த்தால் அதை அது மீட்காது.

மூன்றாவது, அமைப்பிலிருந்து பிறந்த மதிப்புகள். அமைப்பைத் திருப்பிவிட்டோம், ஆனால் அமைப்பு மாறியிருந்த வேளையில் அதைப் படித்துக் கணக்கிட்ட ஒன்று கேஷில் தங்கியிருக்கிறது. வரி விகிதத்தை 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்குச் சோதனை மாற்றியது. அப்போது கணக்கிட்ட வரியை ஒரு செயற்கூறு நினைவில் வைத்துக்கொண்டது. விகிதம் 18-க்குத் திரும்பிய பிறகும் அந்தச் செயற்கூறு 5 விழுக்காட்டின் விடையையே தரும். அமைப்பைத் திருப்பும் ஃபிக்ஸ்சரிலேயே கேஷையும் காலி செய்ய வேண்டும். ஜாங்கோ இந்தச் சிக்கலை முன்கூட்டியே உணர்ந்து, சோதனைக்காக ஓர் அமைப்பு மாற்றப்படும்போதும் திருப்பப்படும்போதும் ஓர் அறிவிப்பை அனுப்புகிறது. அமைப்பைச் சார்ந்து எதையாவது சேமித்து வைத்திருக்கும் பகுதிகள், அந்த அறிவிப்பைக் கேட்டுத் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

நேர வலயமும் இந்த வகையைச் சேர்ந்ததே. யூனிக்ஸ் இயங்குதளங்களில் டிஇசட் என்ற சூழல் மாறி நேர வலயத்தைக் குறிக்கிறது. அதை மாற்றினால் மட்டும் போதாது. டிஇசட்செட் என்ற செயற்கூறை அழைத்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும் என்று எண்ணியே எழுத வேண்டும். அப்படியானால் திருப்பும்போதும் இரண்டையும் செய்ய வேண்டும். மங்கிபேட்ச் மாறியைத் திருப்பும். டிஇசட்செட்டை அது அழைக்காது. இதை மறந்தால், உலகப் பொது நேரப்படி ஜனவரி 31 இரவு 7 மணி என்பதை, இந்திய நேரத்தில் விடப்பட்ட பிராசஸ் பிப்ரவரி 1 அதிகாலை 12.30 என்று காட்டும்; மாத இறுதி அறிக்கையைச் சரிபார்க்கும் சோதனை ஒரு மாதம் தள்ளிப்போய்த் தோற்கும்.

நான்காவது, மாட்யூலை மீண்டும் ஏற்றுதல். சூழல் மாறியை மாட்யூலின் தொடக்கத்திலேயே படித்துவிடும் நிரலைச் சோதிக்க, சிலர் அந்த மாட்யூலையே மறுபடி ஏற்றுவார்கள். அப்போது அதிலுள்ள கிளாஸ்கள் எல்லாம் புதிதாக உருவாகும். முன்பே இறக்குமதி செய்தவர்களிடம் பழைய கிளாஸ்கள் இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு. இந்த ஆப்ஜெக்ட் இந்த வகையைச் சேர்ந்ததா என்ற கேள்விக்கு இல்லை என்ற விடை வரத் தொடங்கும். குறிப்பிட்ட பிழையைப் பிடிக்கும் கட்டளை அதைப் பிடிக்காமல் விடும். இந்த வழியை முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்பதே எனது உறுதியான கருத்து.

கடைசியாக, ஃபிக்ஸ்சரின் ஆயுட்காலம். பைடெஸ்டில் ஒரு ஃபிக்ஸ்சரை ஒவ்வொரு சோதனைக்கும், ஒரு கோப்புக்கும், அல்லது முழு அமர்வுக்கும் ஒருமுறை இயங்குமாறு அமைக்கலாம். முழு அமர்வுக்கான ஃபிக்ஸ்சர் ஒன்று பொது அமைப்பை மாற்றினால், அதைக் கேட்ட முதல் சோதனையிலிருந்து கடைசிச் சோதனை வரை அந்த மாற்றம் நிலைத்திருக்கும். அதைக் கேட்காத சோதனைகளுக்கும் சேர்த்து. மங்கிபேட்ச் ஒரு சோதனை அளவுக்கு மட்டுமே உரியதாக அமைக்கப்பட்டிருப்பது தற்செயல் அல்ல.

மாற்றவே தேவையில்லாத நிரல்

இதுவரை சொன்னவை மருந்து. நோய் வராமல் பார்க்கும் வழி நிரலின் வடிவத்தில் இருக்கிறது. ஒரு செயற்கூறு தனக்குத் தேவையான அமைப்பைப் பொது இடத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளாமல், தன்னை அழைப்பவரிடமிருந்து அளபுருவாகப் பெற்றுக்கொண்டால், சோதனை எதையும் மாற்ற வேண்டியதே இல்லை. வரி கணக்கிடும் செயற்கூறுக்கு விகிதத்தைக் கொடுத்துவிட்டால், 18-க்கு ஒரு சோதனை, 5-க்கு ஒரு சோதனை என்று எழுதலாம். இரண்டும் ஒன்றையொன்று அறியாது.

நூலகங்களும் இதே திசையில் நகர்ந்திருக்கின்றன. நம்பையில் நெடுங்காலம், சமவாய்ப்பு எண்களுக்கான விதையை நூலகம் முழுவதற்கும் பொதுவாக வைப்பதே வழக்கமாக இருந்தது. ஒரு சோதனை விதையை வைத்தால், அதன்பின் வரும் எல்லாச் சோதனைகளின் எண்களும் அதைச் சார்ந்தே அமைந்தன. 2019-இல் வெளியான 1.17 பதிப்பு, தனக்கென ஒரு நிலையை வைத்துக்கொள்ளும் எண் உருவாக்கியை அறிமுகப்படுத்தியது; அதை உருவாக்கித் தேவைப்படும் செயற்கூறுக்குக் கையளிக்கலாம். வலைச் செயலிகளில், ஃபிளாஸ்க் பயன்படுத்துவோர், செயலியை மாட்யூல் மட்டத்தில் ஒருமுறை உருவாக்குவதைவிட, அமைப்புகளை வாங்கிக்கொண்டு புதிய செயலியை உருவாக்கித் தரும் செயற்கூறாக எழுதுவதை விரும்புவதற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு சோதனையும் தனக்கென ஒரு செயலியைப் பெறுகிறது.

பழைய நிரல் முழுவதையும் ஒரே நாளில் இப்படி மாற்றிவிட முடியாது; முயலவும் வேண்டாம். அளபுரு ஒன்றைச் சேர்த்து, அது கொடுக்கப்படாதபோது மட்டும் பொது அமைப்பைப் பார்க்குமாறு விட்டால், பழைய அழைப்புகள் உடையாமல் புதிய சோதனைகள் சுத்தமாக அமையும்.

ஒரே நேரத்தில் இயங்கும்போது

சோதனைகளை இணையாக இயக்கினால் நிலைமை மாறுகிறது. பைடெஸ்டின் எக்ஸ்டிஸ்ட் என்ற நீட்சி, சோதனைகளைப் பல பிராசஸ்களுக்குப் பகிர்ந்து தருகிறது. ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி நினைவகம் என்பதால், நினைவகத்தில் உள்ள அமைப்புகள் அவற்றுக்கிடையே கசியாது. கோப்புகளும் தரவுத்தளமும் மட்டும் பொதுவாக இருக்கும். ஒரே பிராசஸுக்குள், அதன் நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு ஒரே நேரத்தில் ஓடும் பல திரெட்களில் இயக்கும் கருவிகளில், ஒழுங்காகத் திருப்பி வைப்பதும்கூடப் போதாது. ஒரு சோதனை அமைப்பை மாற்றிப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் அதே கணத்தில், பக்கத்துத் திரெட்டில் இயங்கும் சோதனை அந்த மாறிய மதிப்பைப் பார்த்துவிடும். கோ மொழியின் வடிவமைப்பாளர்கள் இதை வெளிப்படையாகவே தடுத்திருக்கிறார்கள்: 1.17 பதிப்பில் சேர்க்கப்பட்ட செட்என்வ் என்ற மெத்தட், சூழல் மாறியை மாற்றிச் சோதனை முடிந்ததும் திருப்பி வைக்கிறது. ஆனால் இணையாக இயங்குவதாக அறிவித்த சோதனையில் அதை அழைத்தால் உடனே பிழையோடு நிற்கிறது. ஜேயூனிட் 5-இல், இன்ன பொது அமைப்பை இந்தச் சோதனை தொடுகிறது என்று குறித்துவிட்டால், அதே அமைப்பைத் தொடும் இரண்டு சோதனைகள் ஒரே நேரத்தில் இயங்காதபடி கருவி பார்த்துக்கொள்ளும்.

ஏற்கெனவே கசியும் தொகுப்பில்

கசிவைக் கண்டுபிடிக்கும் முதல் வழி, சோதனை வரிசையைக் கலைப்பது. பைடெஸ்டுக்கு ரேண்டம்லி என்ற நீட்சி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வரிசையைக் கலைத்து, பயன்படுத்திய விதை எண்ணை அறிக்கையின் தொடக்கத்தில் அச்சிடுகிறது. அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை மீண்டும் கிடைக்கும். ரூபியின் மினிடெஸ்ட் இயல்பாகவே வரிசையைக் கலைக்கிறது; கோ மொழியிலும் ஜாங்கோவிலும் கலைக்கும் விருப்பம் உண்டு. புதிய திட்டமாக இருந்தால் முதல் நாளிலிருந்தே இதை இயக்கி வைக்க வேண்டும் என்பேன். சோதனைகள் ஆயிரமான பிறகு தொடங்கினால், ஒரே நாளில் பல கசிவுகள் சேர்ந்து வெளிப்பட்டு, அணி மனம் தளர்ந்து அந்த நீட்சியையே நீக்கிவிடும்.

தோற்கும் வரிசை ஒன்று கிடைத்துவிட்டால், மாசுபடுத்தும் சோதனையைத் தேடுவது பாதி பாதியாக வெட்டும் வேலை. பாதிக்கப்பட்ட சோதனைக்கு முன் இயங்கியவற்றில் முதல் பாதியை மட்டும் எடுத்து, அதன்பின் பாதிக்கப்பட்ட சோதனையை இயக்கிப் பார்க்க வேண்டும். தோற்றால் குற்றம் அந்தப் பாதியில் இருக்கிறது. வென்றால் மற்றப் பாதியில். மாசுபடுத்துவது ஒரே சோதனையாக இருக்கும்வரை, 1000 சோதனைகள் இருந்தாலும் சுமார் பத்து முறைகளில் அதை அடைந்துவிடலாம். ரூபியின் ஆர்ஸ்பெக் கருவி இதற்கென பைசெக்ட் என்ற விருப்பத்தையே வைத்திருக்கிறது. இந்தத் தேடலைத் தவிர்ப்பதற்காகச் சோதனை வரிசையை நிலையாகக் கட்டிவைப்பது மிகவும் கெட்ட பழக்கம்; அது கசிவை அப்படியே விட்டுவிட்டு, அதைக் காட்டித் தந்த சாட்சியை மட்டும் அகற்றுகிறது.

இரண்டாவது வழி, காவல் ஃபிக்ஸ்சர். எல்லாச் சோதனைகளுக்கும் தானாக இயங்கும் ஃபிக்ஸ்சர் ஒன்றை எழுதி, ஈல்டுக்கு முன் சூழல் மாறிகளின் நகல், நடப்புக் கோப்புறை, டெசிமல் துல்லியம், பதிவேட்டின் மட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஈல்டுக்குப் பின் மீண்டும் பார்த்து, ஏதேனும் மாறியிருந்தால் அங்கேயே தோல்வி என்று அறிவிக்க வேண்டும். இப்போது சிவப்பாவது பாதிக்கப்பட்ட சோதனை அல்ல, மாற்றிய சோதனை. தானாக இயங்கும் ஃபிக்ஸ்சர்கள் தமக்குச் சமமான மற்றவற்றுக்கு முன்பே தொடங்கி அவற்றுக்குப் பின்பே முடிவதால், மங்கிபேட்ச் தன் வேலையை முடித்த பிறகே காவல் சரிபார்க்கும். ஒழுங்காகத் திருப்பியவர்கள் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். ஒன்றை மட்டும் விலக்கிவிட வேண்டும்: நடந்துகொண்டிருக்கும் சோதனையின் பெயரையும் கட்டத்தையும் பைடெஸ்ட் தானே ஒரு சூழல் மாறியில் எழுதி வைக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் கட்டம் வேறுபடுவதால் அதன் மதிப்பும் வேறுபடும். அதைச் சேர்த்து ஒப்பிட்டால் எல்லாச் சோதனைகளும் தோற்கும்.

பழைய தொகுப்பில் காவலை நிறுவும்போது, முதலில் தோல்வியாக்காமல் எச்சரிக்கையாக மட்டும் வைத்து, எச்சரிக்கை தரும் சோதனைகளை ஒரு விலக்குப் பட்டியலில் எழுதி, புதியவை எதுவும் சேராதபடி பார்த்துக்கொண்டு, பட்டியலை மெல்ல மெல்லக் குறைத்து வருவது நடைமுறைக்கு ஒத்துவரும். அந்தப் பட்டியலில் கடைசிவரை மிஞ்சுபவை, ஒருமுறை தொடங்கினால் திரும்பத் தொடங்க முடியாத நூலகங்களைத் தொடும் சில சோதனைகளாக இருக்கும். அவற்றைத் தனிப் பிராசஸில் இயக்குவதே ஏற்ற வழி. பிஎச்பியூனிட்டில் சோதனையின் மேல் ஒரு குறிப்பு எழுதினாலே அது தனிப் பிராசஸுக்குப் போய்விடும். பைத்தானில் சப்பிராசஸ் மாட்யூலைக் கொண்டு புதிய இன்டர்பிரட்டரைத் தொடங்கி, அது திருப்பித் தரும் முடிவுக் குறியீட்டைச் சரிபார்த்தால் போதும்.